பாக்கெட் மாவா, கண் முன் அரவையா? கேரள சமையலறையிலிருந்து நாடாளுமன்றம் வரை ஒரு கேள்வி

திருவனந்தபுரம்: ஆற்றுக்கால் பகவதி அம்மன் கோயிலின் பொங்காலை நாள் நெருங்கும்போது, கேரளத் தலைநகரின் வீடுகளில் அரிசியைக் களைந்து, உலர்த்தி, அரைக்கும் வேலை தொடங்கிவிடும். பொங்காலை அன்று பெண்கள் படைக்கும் தெரளிக்கு அரிசி மாவு வேண்டும். மண்டப்புட்டுக்குப் பயற்றம் மாவு வேண்டும். 1997-இல் சுமார் 15 லட்சம் பெண்களும், 2009-இல் சுமார் 25 லட்சம் பெண்களும் திரண்டதாக கின்னஸ் சாதனைப் பதிவு கூறும் விழா அது. தெய்வத்துக்குப் படைக்கும் மாவில் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது என்பதில் குடும்பங்கள் கண்டிப்பாக இருக்கின்றன.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாவில் அதே கண்டிப்பைக் காட்ட முடிகிறதா என்பதே இன்றைய கேள்வி. புட்டு மாவு, ஆட்டா, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், கொத்திய இறைச்சி என அன்றாடச் சமையலுக்கு வேண்டியவை பெரும்பாலும் அரைத்த நிலையிலேயே கடையில் கிடைக்கின்றன. முழு மிளகாயைக் கையில் எடுத்தால் பூஞ்சை பிடித்ததா, பூச்சி அரித்ததா என்று பார்த்துவிடலாம். தூளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரிவது நிறம் மட்டுமே.

எனவே வீட்டிலேயே அரைத்துக்கொள்வதா, பாக்கெட் வாங்குவதா என்பது ருசி சார்ந்த விஷயமாக மட்டும் நிற்கவில்லை. கலப்படத் தடைச் சட்டம், சரக்கு-சேவை வரி, பெண்களின் உழைப்பு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்த விஷயமாக அது மாறியிருக்கிறது. 2022-இல் நாடாளுமன்றத்தையே அது முடக்கியது.

சாலைக் கடைவீதியின் பாடம்: திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கடைவீதி, திருவனந்தபுரத்தின் மளிகைக் களஞ்சியம். தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் இடம். அங்கு கடை நடத்திக்கொண்டே தமிழில் கதைகள் எழுதி, 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன்.

காரத்துக்கு ஆந்திரத்தின் குண்டூர் மிளகாய், நிறத்துக்குக் கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் என இரண்டையும் கலந்து அரைப்பது தென்னாட்டுச் சமையலறைகளின் பழைய வழக்கம். பியாடகியில் காரம் குறைவு, சிவப்பு அதிகம். சுருங்கிய தோல் கொண்ட மிளகாய் ரகத்தைக் கேரளத்தில் பிரியன் மிளகாய் என்கின்றனர். மீன்குழம்பின் சிவப்புக்கு அதைத்தான் நம்புகின்றனர்.

இந்தச் சிவப்பு மோகமே கலப்படக்காரர்களுக்கு வழி திறந்துவிட்டது. நல்ல நிறமுள்ள மிளகாய்க்கு விலை அதிகம். பழைய, வெளிறிய மிளகாயை அரைத்து, சாயம் சேர்த்தால் அதே நிறம் மலிவாகக் கிடைத்துவிடுகிறது.

2003 மே மாதம் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் 'சூடான்-1' என்ற சாயம் இருப்பதை பிரான்ஸ் கண்டுபிடித்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான அந்தச் சாயம் உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த மாதமே அவசரக் கட்டுப்பாடு விதித்தது. 2005 பிப்ரவரியில், சாயம் கலந்த மிளகாய்த்தூள் சேர்ந்த சாஸ் ஒன்றின் வழியே பல உணவுகளில் அது பரவியது தெரியவந்து, பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன.

வீட்டுச் சோதனையின் எல்லை: ஒரு கண்ணாடித் தம்ளர் நீரின் மேல் மிளகாய்த்தூளைத் தூவினால், செயற்கைச் சாயம் இருந்தால் நிறக்கோடுகள் கீழே இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் ஆணையம் மக்களுக்கு எளிய சோதனையைச் சொல்லித் தந்திருக்கிறது. இது நீரில் கரையும் சாயத்துக்கு மட்டுமே பொருந்தும். சூடான் வகைச் சாயம் எண்ணெயில் கரைவது. தம்ளர் நீரில் அது அகப்படாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

திருவனந்தபுரம் வஞ்சியூரில் அரசுப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. சட்டப்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படுகிறது. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்து, மேல்முறையீட்டுக்கு வாய்ப்பளித்து, நடவடிக்கை எடுப்பதற்குள் அந்தத் தூளில் பெரும்பகுதி சமைத்து உண்ணப்பட்டிருக்கும்.

கேரள மக்களின் ஐயத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 2018-இல் கலப்படம் காரணமாக தேங்காய் எண்ணெய் பிராண்டுகள் கூட்டமாகத் தடை செய்யப்பட்டன. டிசம்பரில் மட்டும் 74. தென்னையின் பெயரையே தாங்கிய மாநிலத்தில் தேங்காய் எண்ணெயையே நம்ப முடியவில்லை என்றால் மிளகாய்த்தூளை எப்படி நம்புவது என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை.

ஒரே கூட்டம், இரு சுமைகள்: 2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டீகரில் கூடிய சரக்கு-சேவை வரி கவுன்சிலின் 47-ஆவது கூட்டம், சமையலறையை நேரடியாகத் தொடும் இரு முடிவுகளை எடுத்தது.

முதலாவது, பாக்கெட் மீதான வரி. 2017 முதல் பதிவு பெற்ற பிராண்டு பெயருடன் விற்கப்படும் மாவு, அரிசி, பருப்பு ஆகியவற்றுக்கு 5 சதவீத வரி இருந்தது. பிராண்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் காட்டி பலர் வரியைத் தவிர்த்ததாகக் கூறி, அளவிட்டுப் பொதிந்து லேபிள் ஒட்டிய எல்லாப் பொட்டலங்களுக்கும் 25 கிலோ வரை 5 சதவீத வரி என மாற்றப்பட்டது.

இரண்டாவது, அரவைக் கருவிகள் மீதான வரி. வெட் கிரைண்டர், காற்று விசை கொண்ட ஆட்டா சக்கி, தானியம் அரைக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றுக்கு இருந்த 5 சதவீத வரி 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 1955-இல் கோவையில் உருப்பெற்று, புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டர் தொழில் இதனால் அதிர்ந்தது. 2019-இல்தான் அந்தத் தொழிலின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது.

இரு முடிவுகளும் ஜூலை 18-ஆம் தேதி ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. அரைத்த மாவைப் பாக்கெட்டாக வாங்கினால் 5 சதவீதம். அதைத் தவிர்க்க வீட்டில் அரைக்கலாம் என்று கிரைண்டர் வாங்கப் போனால் 18 சதவீதம். நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியதும் அதே நாளில்தான்.

அவையில் எதிரொலி: மறுநாள் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சமூக ஊடகத்தில் 14 பதிவுகள் வெளியிட்டு விளக்கம் அளித்தார். பருப்பு, கோதுமை, அரிசி, ஆட்டா, ரவை, கடலை மாவு உள்ளிட்டவற்றைப் பொட்டலமிடாமல் சில்லறையாக விற்றால் வரி இல்லை என்று பட்டியலிட்டார். கேரளம் உள்பட பல கட்சிகள் ஆளும் மாநிலங்களின் அமைச்சர்கள் அடங்கிய குழு பரிந்துரைத்ததே இது என்றும் சுட்டிக்காட்டினார்.

ஆனால் எதிர்ப்பு அடங்கவில்லை. விலைவாசியையும் இந்த வரியையும் கண்டித்து மக்களவையில் பதாகை ஏந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் நால்வர் ஜூலை 25-ஆம் தேதி இடைநீக்கம் செய்யப்பட்டனர். தமிழகத்தின் மாணிக்கம் தாகூர், ஜோதிமணி, கேரளத்தின் டி.என். பிரதாபன், ரம்யா ஹரிதாஸ் ஆகியோரே அவர்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி இடைநீக்கம் விலக்கப்பட்ட பிறகே மக்களவையில் விலைவாசி விவாதம் நடந்தது.

திருவனந்தபுரத்தில் அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் தலைமையிலான அரசு, சிறு கடைகளும் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பினரும் சிறிய பொட்டலங்களில் விற்கும் பொருள்களுக்கு வரி வசூலிக்கப்படாது என அறிவித்தது. வரி நாடெங்கும் ஒரே சட்டத்தின் கீழ் இருக்கையில் ஒரு மாநிலம் எவ்வாறு விலகி நிற்க முடியும் என்ற வாதமும் அப்போது எழுந்தது.

பேச்சில் இடம்பெறாத மில்: இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. அது தெருமுனை மாவு மில்.

கோதுமை விளையாத கேரளத்துக்குக் கோதுமை வெளியிலிருந்துதான் வர வேண்டும். உணவுப் பற்றாக்குறை நிலவிய 1960-களில் ரேஷன் கடை வழியே தானியமாக வந்த கோதுமையை மக்கள் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தனர். அதே மில்லில் புட்டுக்குச் சற்றுக் கரகரப்பாகவும், இடியாப்பத்துக்கு மைபோலவும் அரிசி அரைபட்டது. காய்ந்த மரவள்ளியும், மிளகாயும், மல்லியும் அரைபட்டன. அரவைத் தகடுகளுக்கு இடையிலான இடைவெளியை மாற்றினால் போதும். என்ன பதம் வேண்டும் என்பதை அரைக்கக் கொண்டு வந்தவரே நின்று சொல்லலாம்.

சட்டத்தின் பார்வையிலும் இதற்குத் தனி இடம் உண்டு. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அரைத்த மசாலாத் தூளைப் பொட்டலமிடாமல் விற்கக் கூடாது. எனவே மளிகைக் கடையில் தூளைச் சில்லறையாக நிறுத்து வாங்க முடியாது. பாக்கெட்தான் வாங்க வேண்டும். ஆனால் முழு மிளகாயை வாங்கி, உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது விற்பனை அல்ல. பொருள் வாடிக்கையாளருடையது. மில்காரருக்குச் சேருவது அரவைக் கூலி. ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்துக்குள் இருக்கும் இத்தகைய சிறு சேவைத் தொழிலுக்குச் சரக்கு-சேவை வரிப் பதிவும் தேவையில்லை.

பாக்கெட்டின் மீதான நம்பிக்கைக்கும் வீட்டு உரலின் உழைப்புக்கும் நடுவில் நிற்பது இந்த மில்தான். கண் முன்னே அரைபடுவதால் கலப்படத்துக்கு இடம் குறைவு. இடுப்பொடிய இடிக்க வேண்டியதும் இல்லை.

காந்தியடிகளும் கைத்திருகையும்: கையால் அரைப்பதை தேசியக் கொள்கையாக்க முயன்ற காலமும் இருந்தது. ஜோகன்னஸ்பர்கில் வாழ்ந்தபோது காந்தியடிகள் 7 பவுன் கொடுத்து ஒரு கைத்திருகை வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் சுற்ற முடியாத அளவுக்குக் கனமானது. அவரும் நண்பர் போலக்கும் குழந்தைகளும் சேர்ந்து சுற்றினர்.

1934-இல் அவர் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசியும் திருகையில் அரைத்த மாவும் சத்தையும் கிராம வேலைவாய்ப்பையும் காக்கும் என்பது அச்சங்கத்தின் வாதம்.

சுதந்திரத்துக்குப் பின் அந்த வாதம் சட்டமாகவும் ஆனது. 1958-இல் நாடாளுமன்றம் இயற்றிய அரிசி ஆலைத் தொழில் (ஒழுங்குமுறை) சட்டம், புதிய ஆலைக்கு அனுமதி தரும் முன் அப்பகுதியில் வேலையிழப்பு நேருமா என்று பார்க்கச் சொன்னது. பொருளாதாரத் தாராளமயத்தின் காலத்தில், 1997-இல், அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

ஆனால் உரலும் உலக்கையும் யார் கையில் இருந்தன என்பதை மறந்துவிட முடியாது. அதிகாலையில் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்தவர்களும் அம்மியில் தேங்காய் அரைத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார். வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். கிரைண்டரும் மிக்சியும் புழக்கத்துக்கு வந்த பின்னரும் நிலை இது. தமிழகத்தில் 2011-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, பெண்களின் பணிச்சுமையைக் குறைப்பதே நோக்கமாகக் கூறப்பட்டது.

வீட்டிலேயே அரையுங்கள் என்று அறிவுரை கூறுவோர், அந்த நேரத்தைக் கொடுக்கப் போவது யார் என்பதையும் கூற வேண்டும்.

அரைத்தால் எல்லாம் தீருமா?: வீட்டு அரவை சாயத்தையும், மரத்தூளையும், செங்கல் பொடியையும் தடுக்கும். பூச்சிக்கொல்லியைத் தடுக்காது. அது வயலிலிருந்தே மிளகாயுடன் வருகிறது. திருவனந்தபுரம் அருகே வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம், சந்தைப் பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சத்தை 2013 முதல் மாநில வேளாண் துறைக்காகச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுவருகிறது. அதன் அறிக்கைகளில் மிளகாய்த்தூள், சீரகம் போன்ற மசாலாப் பொருள்களின் பெயர்கள் பலமுறை இடம்பெற்றுள்ளன. மிளகாயைக் கழுவி, நன்கு வெயிலில் காயவைத்து அரைத்தால் மேற்புறத்து எச்சமும் தூசியும் ஓரளவு குறையும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்து, புதிய கேடு சேரும்.

முழுக் கோதுமை மாவின் கதை வேறு. தவிடும் முளையும் சேர்ந்தே அரைபடுவதால் நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் மாவில் நிற்கின்றன. ஆனால் முளையிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் காறல் எடுக்கும். ஆகவே வீட்டில் அரைத்த மாவை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் அரைப்பதே நல்லது. கடலோரக் கேரளத்தின் ஈரக்காற்றில் இது இன்னும் முக்கியம்.

மில்லிலும் கவனம் தேவை. புதிதாகக் கொத்திய அல்லது தேய்ந்த தகடுகளிலிருந்து இரும்புத்துகள் மாவில் கலக்கலாம். மாவுக்குள் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முந்தையவரின் மிளகாய் நெடி நம் கோதுமையில் ஏறாமலிருக்க, முதலில் விழும் ஒரு பிடி மாவைத் தள்ளிவிடுவது பழக்கமுள்ளோர் செய்வது. குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் வீட்டுக்குள் வைக்கும் சிறு மின் சக்கிகள் பரவலாக உள்ளன. 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் முழு விசையில் ஓடினால் முக்கால் யூனிட் மின்சாரம் செலவாகும். செலவைவிட வாங்கும் விலையும் சத்தமுமே தடையாக உள்ளன.

இறைச்சியில் இரட்டை எச்சரிக்கை: இறைச்சி உண்போர் அதிகமுள்ள கேரளத்தில் கொத்துக்கறி பற்றிய கவலையும் கூடுதல். மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, கைப்பிடியால் சுற்றும் வார்ப்பிரும்பு அரவைக் கருவி, கட்லெட் செய்யும் வீடுகளுக்குப் பழக்கமானது. மலை மாவட்டங்களில், உலர்த்திய இறைச்சியைக் கனலில் சுட்டு உரலில் இடிக்கும் இடியிறைச்சி உண்டு. தமிழகத்தில் கோலா உருண்டைக்கு அம்மியில் கறி அரைத்த காலமும் உண்டு.

கண் எதிரே வெட்டிய துண்டை வாங்கி வீட்டில் அரைத்தால், எந்த விலங்கின் எந்தப் பகுதி, எத்தனை நாள் ஆனது என்பது தெரியும். கடையில் முன்கூட்டியே அரைத்து வைத்ததில் அது தெரியாது. திருவனந்தபுரம் குன்னுக்குழியில் உள்ள மாநகராட்சி இறைச்சிக்கூடம் மாசுக் கட்டுப்பாட்டுப் பிரச்னையால் பல ஆண்டுகள் மூடிக் கிடந்ததால், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நகரில் நெடுநாள் நீடித்தது. 2012 ஜூலையில் நகரின் உணவகம் ஒன்றில் ஷவர்மா வாங்கி உண்ட இளைஞர் பெங்களூரில் இறந்ததைத் தொடர்ந்து, மாநிலமெங்கும் உணவகங்களில் சோதனை நடந்தது.

எனினும் அரைக்கும்போது ஆபத்து வீட்டிலும் உண்டு. முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைத்தவுடன் அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. எனவே அரைத்த இறைச்சியின் நடுப்பகுதியும் 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்வரை வேகவைக்க வேண்டும். இறைச்சியையும் கருவியையும் குளிரவைத்து அரைப்பதும், பின் கருவியைப் பிரித்து வெந்நீரில் கழுவி உலர்த்துவதும் அவசியம். அன்றே அரைத்து அன்றே சமைப்பது பாதுகாப்பானது.

கூடி அரைக்கும் வழி: தனித்தனி வீட்டின் சுமையைக் கூட்டாகப் பகிர்ந்துகொள்ளும் முயற்சிக்கும் கேரளத்தில் முன்மாதிரி இருக்கிறது. 1998 மே 17-ஆம் தேதி மலப்புரத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த குடும்பஸ்ரீ இயக்கத்தின் தலைமையகம் திருவனந்தபுரம். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு 'அம்ருதம்' சத்துமாவை அதன் மகளிர் குழுக்கள் அரைத்து அங்கன்வாடிகளுக்கு வழங்குகின்றன. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவு அது. அரைப்பவரும் உண்பவரின் தாயும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் கேள்வி கேட்பது எளிது. அரைக்கும் பெண்ணுக்கு வருமானமும் உண்டு.

உணவுக் கலப்படம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 2006-இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்ட் 5-இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை முதல் ஆயுள் சிறை வரை விதிக்க வழி செய்கிறது. சட்டத்தில் கடுமைக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது மாதிரி எடுக்கும் கைகளும் விரைந்து சோதிக்கும் ஆய்வகங்களும்தான். அவை பெருகும்வரை, தெருமுனை மில்லையும் மகளிர் அரவைக் கூடத்தையும் காப்பது நுகர்வோர் பாதுகாப்பின் ஒரு பகுதியே. அரவைக் கருவிகளுக்கான வரி விகிதத்தை முடிவு செய்வோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்த பொங்காலைக்கும் திருவனந்தபுரத்துப் பெண்கள் அரிசியைக் களைந்து உலர்த்துவார்கள். அன்று தெரளிக்குக் கிடைக்கும் நம்பகமான மாவு, மறுநாள் காலைப் புட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு.